நான் போகாத விசாகப்பட்டினம்

விசாகப்பட்டினம் போகலாம் என்று என் கணவர் முடிவு செய்தது சேலத்தில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தபோது. நெஞ்சு வலி வந்து, அடைப்பு இருந்த இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு தெலுங்குக்காரர் இருந்தார். விசாகப்பட்டினத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் அவருக்கும் அதே வலி, அதே வைத்தியம். என் கணவர் தர்மபுரியிலிருந்து பெங்களூர் போகும் அரசுப் பேருந்தில் கண்டக்டர். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் சில்லறை கேட்கத் தெரிந்தவர். நர்ஸ் வந்து அதட்டும்வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அந்த மனிதர் தன் ஊரைப் பற்றிச் சொன்னாராம். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். மலையை ஒட்டிப் போகிற சாலையில் பேருந்து ஒரு வளைவு திரும்பினால், துறைமுகத்துக்குள் போவதற்குக் காத்து நிற்கிற கப்பல்கள் தெரியும். இதைக் கேட்டுவிட்டு என் கணவர் என் பக்கம் திரும்பினார்.

“புள்ள, ஒடம்பு தேறினதும் வைசாக் போலாம். நாலு நாளு. நீயும் நானும்.”

“சரிங்க” என்றேன்.

அன்றைக்கு யார் என்ன கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். கீழே போய் மாத்திரை வாங்கி வரச் சொன்னார்கள், வாங்கி வந்தேன். ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் எங்கள் ஒரே மகள் பறந்தடித்து வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். விளையாடும்போது விழுந்த பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்குப் போனதும் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

வலி வந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் இண்டூருக்குப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கரில் தக்காளி போட்டிருந்தோம். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருக்கும் எனக்கும் விடுமுறை. காலையில் பழம் பறிக்கப் போனவர் சீக்கிரமே திரும்பி வந்து மோட்டார் கொட்டகை ஓரம் உட்கார்ந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

“வாயு புடிச்சிருக்கு போல” என்றார். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரருடைய குட்டியானை வண்டி மார்க்கெட்டுக்குப் போவதற்காகத் தக்காளிப் பெட்டிகளோடு வாசலில் நின்றுகொண்டிருந்தது. முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் அவரை ஏற்றினோம். இன்னொருவருக்கு அங்கே இடமில்லை. நான் பின்னால் ஏறி, பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதன் வழியாக அவருடைய பின்னந்தலை தெரிந்தது. மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் தலை முன்னால் சாயும். மறுபடி நிமிர்வதைப் பார்ப்பேன். தர்மபுரி வரைக்கும் அப்படியே போனோம். அங்கிருந்து ஆம்புலன்ஸில் சேலம்.

அப்போது என்ன நினைத்தாய் என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். ஒன்றும் நினைக்கவில்லை. ஒரு பெட்டியில் பழம் நசுங்கி என் புடவையில் சாறு பட்டது. முந்தானையால் துடைத்தேன். அது மட்டும் நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகும் அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. பள்ளிக்குப் போனேன். நான் நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஏழாம் வகுப்புக்குப் பின்னங்கள் நடத்தினேன். நடத்தியது சரியாகவே இருந்திருக்கும், பிள்ளைகள் யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. உப்புக் குறைத்த சாப்பாட்டை அவரோடு நானும் சாப்பிட்டேன். உப்பு இல்லை என்பதே எனக்குத் தெரியவில்லை. நலம் விசாரிக்க வருகிறவர்களிடம் சொல்வதற்கு நாலு வாக்கியம் வைத்திருந்தேன். காலையில வேர்த்துச்சு, கூட்டிட்டுப் போனோம், ஸ்டென்ட் வெச்சாங்க, இப்ப பரவால்லீங்க. யார் வந்தாலும் அதே நாலு வாக்கியம்.

அவரோ வேறு ஆளாகத் திரும்பி வந்திருந்தார். கல்யாணமான நாள் முதல் அவரை அதிகம் பேசாத மனிதராகத்தான் எனக்குத் தெரியும். பகல் முழுக்கப் பேருந்தில் கத்திவிட்டு வருகிறவருக்கு வீட்டில் பேசத் தெம்பு இருக்காது. இப்போது கண் விழித்ததிலிருந்து பேசினார். பால் ஊற்ற வருகிறவரை நிறுத்தி வைத்துப் பேசினார். பல வருடங்களாகப் பேசாதிருந்த பழைய நண்பர்களைத் தேடிப் பிடித்துப் போன் போட்டார். டிவியில் ஒரு பெண் குழந்தை பாடினால் கண் கலங்கும். ஒரு நாள் பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி வால் தூக்கி ஓடுவதைப் பார்த்து அழுதுவிட்டு, தானே சிரித்துக்கொண்டார்.

“எல்லாமே புதுசா இருக்குது புள்ள” என்றார்.

எனக்கு எல்லாமே ஏற்கெனவே பார்த்ததுபோல இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

விசாகப்பட்டினத்தை அவர் மறக்கவில்லை. மதியம் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தால், போனை நெஞ்சின்மேல் நிறுத்தி வைத்து அந்த ஊர் வீடியோக்களைப் பார்ப்பார். பள்ளி விட்டு நான் வந்ததும் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்து, தெலுங்கில் சொல்வதைத் தமிழில் சொல்லிக் காட்டுவார். காலாண்டுப் பரீட்சை விடுமுறையில் போவதாக ஏற்பாடு.

“இத பாரு, கைலாசகிரி. மலை மேல பார்க்கு, கீழ கடல்.”

“மேடா இருக்குமே.”

“ரோப் கார் இருக்குது. உக்காந்துகிட்டே போலாம்.”

“எறங்கினப்பறம் நடக்கணுமில்ல.”

அடுத்தது, கடற்கரையில் கரையேற்றி வைத்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பல். உள்ளே போய்ப் பார்க்கலாமாம். படி செங்குத்தாக இருக்கிறது, உள்ளே நெரிசலாக இருக்கும், வேண்டாம் என்றேன். கலங்கரை விளக்கம் குன்றின்மேல். சிம்மாசலம் கோயில் மலையின்மேல். ஊருக்கு வெளியே பழைய புத்த மடங்களின் மிச்சங்கள் இருக்கின்றன, அதுவும் ஒரு மலையின்மேல். அந்த ஊரில் பார்க்கத் தகுந்தது எதையும் தரையில் வைக்கவில்லை. நான் ஒவ்வொன்றாக வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவருக்கு என்னாகுமோ என்ற பதற்றத்தில் சொன்னேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். எனக்குப் பதற்றம் எதுவும் இல்லை. விடைத்தாள் திருத்தும்போது தப்பைக் கண்டால் கை தானாகச் சுழிப்பதைப்போலச் சொன்னேன்.

“அப்ப கடக்கரையில குந்திட்டு வந்துரலாமா?” என்றார் சிரித்துக்கொண்டே.

“மணல்ல நடந்தாலும் மூச்சு வாங்கும்.”

என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அடுத்த வீடியோவைப் போட்டார்.

தங்குவதற்குக் கடலைப் பார்த்த அறை வேண்டும் என்பது அவருடைய ஆசை. லிஃப்ட் இருக்கிறதா என்று கேளுங்கள் என்றேன். ஒரு லாட்ஜுக்குப் போன் போட்டு, “லிஃப்ட் உந்தாண்டி?” என்று ஆரம்பித்துப் பேசிக்கொண்டே போனார். எதிர்முனையில் சிரிக்கிற சத்தம் எனக்கும் கேட்டது.

“என் தெலுங்கக் கேட்டுட்டு நீங்க எந்த ஊருங்கறான்” என்றார். அவருக்கு அதுவும் சந்தோஷமாக இருந்தது.

பள்ளியில் தலைமை ஆசிரியையிடம் விஷயத்தைச் சொன்னேன். “குடுத்து வெச்சவ நீ. எங்க வூட்ல ஒகேனக்கல் கூட்டிட்டுப் போறதுக்கே நாலு வருசம் கெஞ்சணும்” என்றார். ஆமாங்க டீச்சர் என்றேன். அவர் சொன்னது சரிதான். நான் சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. ஒரு கணக்கில் எந்த வழிமுறையைப் போட வேண்டும் என்று தெரிவதுபோல அது எனக்குத் தெரிந்தது. போடத்தான் முடியவில்லை.

மூன்றாம் மாதப் பரிசோதனைக்குச் சேலம் போனபோது டாக்டரிடம் நானே கேட்டேன், இவர் மேடு ஏறலாமா என்று. டாக்டர் இளைஞர். ரிப்போர்ட்டுகளைப் பார்த்துவிட்டு, “எல்லாம் நல்லா இருக்கு. மெதுவா ஏறட்டும். பேசிக்கிட்டே ஏற முடியுதான்னு பாருங்க. மூச்சு வாங்காம பேச முடிஞ்சா இதயம் சமாளிக்குதுன்னு அர்த்தம். பேச முடியலன்னா உக்காந்துடணும்” என்றார்.

வெளியே வந்ததும் என் கணவர் சொன்னார்: “வர்ற சனிக்கிழம தீர்த்தமலை ஏறிப் பாத்துரலாம். அத ஏறிட்டன்னா வைசாக்குல நீ வேணாங்கறதுக்கு ஒரு மேடும் இருக்காது.”

அரூர் வழியாகப் பேருந்தில் போனோம். தீர்த்தமலை ஏற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பாறையில் வெட்டிய படிகள், நிழல் குறைவு, படியோரமெல்லாம் குரங்குகள். வெயில் ஏறுவதற்குள் ஏற ஆரம்பித்துவிட்டோம். என் பையில் தண்ணீரும், நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையும், ஒரு முறுக்குப் பொட்டலமும் இருந்தன.

அவர் முதல் படியிலேயே பேச ஆரம்பித்தார். நெஞ்சு சமாளிக்கிறது என்று காட்டுவதற்காகப் பேசுவதால், நிறுத்தாமல் பேசினார். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் ஒரு கிழவர் ஆட்டுக்குட்டியைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு ஏறியது, டிக்கெட் கேட்டபோது சால்வை கத்தியது, அத்திப்பள்ளியில் கல்யாண மாப்பிள்ளையை மறந்து விட்டுவிட்டு வண்டி கிளம்பியது, ஓசூர் நிறுத்தத்தில் பிறந்த குழந்தைக்கு ஓட்டுநர் பேரை வைத்தது. இத்தனை வருடத்தில் இதில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை.

“பாத்தியா, பேசிக்கிட்டேதான் ஏறறன்.”

“ம்.”

“மூச்சு வாங்குதா பாரு. வாங்கல.”

“ம்.”

பாதிக்கு மேல் ஏறியதும் ஒரு கல் மண்டபம் வந்தது. ஒரு அம்மா கூடையில் வெள்ளரிப் பிஞ்சு வைத்து விற்றுக்கொண்டிருந்தார். நான் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவர் நின்றுகொண்டே கொஞ்சம் பேசினார். பிறகு, போலாமா என்றார். நான் எழுந்திருக்கவில்லை.

“என்ன புள்ள, தலை சுத்துதா?”

“இல்ல.”

“மூச்சு வாங்குதா?”

“இல்லீங்க. நான் வரல.”

“சரி, இங்கயே இரு. மேல போய்ட்டு வந்துர்றன்.”

“மலைக்கு இல்ல. வைசாக்குக்கு நான் வரல.”

இப்படிச் சொல்லப் போகிறேன் என்று அந்த நிமிடம்வரை எனக்கே தெரியாது. அவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெள்ளரி விற்கிற அம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

“ஏன்?”

“தெரியல. எனக்கு ஒன்னுமே தோண மாட்டேங்குது. கடலப் பாத்தாலும் தோணாது. நீங்க சந்தோசமா காட்டுவீங்க, நான் ஆமா ஆமான்னு சொல்லிக்கிட்டு வரணும். அதுக்குத் தெம்பு இல்ல.”

“எம்மேல கோவமா?”

“கோவம் வந்தாத்தான் பரவால்லியே. அதுவும் வரல.”

அவர் பேச்சு நின்றுவிட்டது. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவர் அத்தனை நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, கீழே தெரிந்த வயல்களைப் பார்த்தபடி இருந்தார்.

“நான் சாவல, புள்ள” என்றார் கடைசியில்.

“தெரியுதுங்க.”

“தெரியுதுன்னு சொல்ற. சரி.” எழுந்தார். “இவ்ளோ தூரம் வந்தாச்சு. சாமியப் பாத்துட்டு வந்துர்றன். நீ உக்காந்திரு.”

தனியாகப் போகாதீர்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மாத்திரையையாவது அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. அவர் படியேறி, பாறை திரும்புகிற இடத்தில் மறைவதைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது, அவர் என் தோளைத் தொட்டு எழுப்பியதுதான். தூணில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தேன். பையைக் குரங்கு இழுத்துப் போயிருக்கிறது. முறுக்குப் பொட்டலம் படியெங்கும் இறைந்து கிடந்தது. பையை மட்டும் வெள்ளரி விற்கிற அம்மா மீட்டு வைத்திருந்தார்.

“நான் வெரட்டிப் பாத்தனுங்க. எழுப்புனன், அவங்க எழுந்திரிக்கல” என்றார் அவர். “ரொம்ப நாளா தூக்கமில்லாதவங்களாட்டம் தூங்கறாங்க.”

என் கணவர் அவரிடம் வெள்ளரி வாங்கினார். இரண்டு பேரும் தின்றோம். அவர் மேலே போய் வந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கீழே இறங்குகிறவரை பேசவே இல்லை. அடிவாரத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“வூட்ல நீ தூங்கறதே இல்ல.”

“தூங்கறனே.”

“இல்ல. நான் மூச்சு உடறனான்னு பாத்துக்கிட்டுப் படுத்திருப்ப. எனக்குத் தெரியும்.”

உண்மைதான். இரவில் அவருடைய மூச்சைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருப்பேன். அதையும் பயத்தில் செய்யவில்லை. வேலை மாதிரி செய்துகொண்டிருந்தேன்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க தூங்கிடுவீங்களே” என்றேன்.

டீக் கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். கொஞ்சம் வெட்கப்பட்டதுபோல இருந்தது.

“நானும் முழிச்சிக்கிட்டுத்தான் இருப்பன். மூச்சுச் சத்தம் கேக்கலன்னா நீ எழுந்து உக்காந்துக்கற. அதனால உனக்குக் கேக்கற மாதிரி சத்தமா உடுவன். நீ தூங்கினப்பறம் தூங்கலாம்னு பாப்பன். நீ தூங்கவே மாட்ட.”

நான் அவரைப் பார்த்தேன். இத்தனை மாதமாக அவர் மதியத்தில் தூங்குவதும், எனக்கு வகுப்பில் நின்றுகொண்டே கண் சொருகுவதும் இதனால்தான். பெரிய குறட்டை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எனக்காக விட்ட மூச்சு. சிரிப்பு வர வேண்டிய விஷயம். அழுகையும் வந்திருக்கலாம். இரண்டும் வரவில்லை. ஆனால் டீ ரொம்ப இனிப்பாக இருக்கிறது என்று தெரிந்தது.

“ஒன்னு பண்ணலாம்” என்றார். “நான் பாப்பாவோட வைசாக் போய்ட்டு வர்றன். நீ வூட்ல இரு. நாலு நாள் நான் மூச்சு உடறது உனக்குக் கேக்க வேணாம்.”

மகளுக்குப் போன் செய்து சொன்னபோது அவள் நம்பவில்லை. சண்டையா என்றாள். இல்லை என்றேன்.

“பின்ன ஏம்மா? அப்பா எவ்ளோ ஆசையா பிளான் பண்ணாரு. நீ வரலன்னா அவரு மனசு என்னாவும்?”

“அப்பாதான் சொன்னாரு.”

“அப்பா சொல்லுவாரு. நீ எப்படிம்மா சரிங்கற?”

நான் சொன்னேன்: “பாப்பா, நான் கொஞ்ச நாள் யாரையும் பாத்துக்காம இருக்கணும்.”

எதிர்முனையில் அவள் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, “சரிம்மா, நான் லீவு போடறன்” என்றாள்.

விடுமுறை தொடங்கியதும் அவள் வந்தாள். மாத்திரைகளை அவளிடம் கொடுத்து, எது எப்போது என்று சொல்லிக் கொடுத்தேன். சேலம் ரயில் நிலையம்வரை போய் வழியனுப்பினேன். கீழ்ப் படுக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர் சீட்டுக்காரரிடம் என் கணவர் அதற்குள் பேச ஆரம்பித்திருந்தார். ரயில் நகர்ந்தபோது என்னைப் பார்த்துக் கை காட்டினார். “போய்த் தூங்கு” என்று வாயசைப்பிலிருந்து தெரிந்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். பாயை விரித்துப் படுத்தேன். எழுந்தபோது மறுநாள் வெயில் அடுப்படிவரை வந்திருந்தது. கன்னத்தில் பாயின் கோடுகள். மறுபடி படுத்தேன். அன்று முழுக்க அப்படித்தான் போனது. தூங்கினேன், எழுந்தேன், மோர் குடித்தேன், தூங்கினேன். குளிக்கவில்லை. தலை வாரவில்லை. குட்டியானைக்காரர் மனைவி கீரை கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

“ஏக்கா, நெஞ்சு வலி வந்த மனுசன அத்தாந்தூரம் அனுப்பிட்டு நீங்க இங்க இருக்கறீங்களே. ஒரு மாதிரியா இல்லீங்களா?”

“ஒரு மாதிரியும் இல்லீங்க” என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. பொய் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் போன் அடித்தது. வீடியோ கால். என் கணவருடைய முகம் திரை முழுக்க இருந்தது, காற்றில் முடி பறந்துகொண்டிருந்தது. “புள்ள, பாத்தியா” என்று போனைத் திருப்பினார். கடல் கொஞ்சம், கம்பிவேலி கொஞ்சம், யாரோ ஒருவருடைய முதுகு. பிறகு மறுபடி அவர் முகம். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம், அதில் எண்ணெய் ஊறியிருந்தது.

“என்ன அது?” என்றேன்.

“மொளகா பஜ்ஜி. இங்க நடுவுல வெங்காயமெல்லாம் வெச்சுத் தர்றான். ஒன்னே ஒன்னுதான்.”

“ஒன்னா? பொட்டலம் நெறைய இருக்குது.”

“பாப்பாவுக்கும் சேத்து.”

அவ்வளவுதான். எனக்குள் என்ன நடந்தது என்று தெரியவில்லை. “யாரக் கேட்டு அத வாங்குனீங்க?” என்றேன். என் குரல் சமையலறைச் சுவரில் மோதித் திரும்பியது. “உங்களுக்கு உப்பில்லாம பொங்கிப் போட்டு நானும் அதையே தின்னுக்கிட்டுக் கெடக்கறன். நீங்க அங்க எண்ணெயில பொரிச்சதத் தின்னுக்கிட்டு எனக்கே காட்டறீங்களா? கீழ போடுங்க. இப்பவே போடுங்க. பாப்பாகிட்ட குடுங்க போன.”

மகள் வாங்கினாள். அவளையும் திட்டினேன். எதிரே கடலைப் பார்த்தபடி நின்றுகொண்டு இரண்டு பேரும் பள்ளிப் பிள்ளைகள்போல முழித்தார்கள். போனை வைத்தேன்.

இது கோபம் என்று அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. அப்படியே அடுப்படியில் தரையில் உட்கார்ந்தேன். கோபம் குறையட்டும் என்று இருந்தேன். அது குறைந்ததும் அதற்கு அடியிலிருந்து வேறொன்று வந்தது. அந்தச் சின்னக் கண்ணாடி, அதில் தெரிந்த பின்னந்தலை. ஏதாவது ஒரு குலுக்கலில் அந்தத் தலை நிமிராமலே இருந்திருந்தால்? வண்டியிலிருந்து என்னை யார் இறக்கியிருப்பார்கள்? பாப்பாவிடம் போனில் என்னவென்று சொல்லியிருப்பேன்? அன்றைக்கு வர வேண்டிய பயம் எல்லாம் அப்போதுதான் வந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது, வேர்த்தது, ஒரு கணம் எனக்கும் அதே வலிதான் வருகிறதோ என்றுகூட நினைத்தேன். பிறகு அழுதேன். சத்தமாகத்தான் அழுதேன். வீட்டில் யாரும் இல்லாதது நல்லதாகப் போனது.

முகம் கழுவிவிட்டு மகளுக்குப் போன் செய்தேன்.

“அப்பா மாத்திரை போட்டாரா?”

“போட்டாச்சும்மா. பஜ்ஜியக் குப்பையில போட்டுட்டாரு. ஏம்மா, அழுதியா?”

“ஆமா.”

“அப்பாகிட்ட குடுக்கட்டா?”

“வேணாம். அவரு பாக்கறதப் பாக்கட்டும்.”

அன்று ராகிக் களி கிண்டி, கீரைக் கடைசல் செய்து, உப்புப் போட்டுச் சாப்பிட்டேன். வயிறு நிறைகிற வரைக்கும் சாப்பிட்டேன்.

அவர்கள் வந்தார்கள். அவர் கறுத்துப்போயிருந்தார், களைப்பாக இருந்தார். என்னைப் பார்த்ததும், “ஏற வேண்டிய எடத்துலயெல்லாம் பேசிக்கிட்டேதான் ஏறனன். பாப்பாவக் கேளு” என்றார். எனக்கென்று முந்திரி வாங்கி வந்திருந்தார். அதிலும் உப்பு, மிளகு போட்டிருந்தது. அதற்கும் திட்டினேன். அவர் அதைத் தலை குனிந்து கேட்டுக்கொண்டார், ஆனால் முகத்தில் சிரிப்பு இருந்தது.

மகள் இரண்டு நாள் தங்கினாள். கிளம்புகிற நாளன்று என்னோடு துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

“கடக்கரையில உக்காந்திருந்தப்ப அப்பா ஒன்னு கேட்டாரும்மா. அம்மாவுக்கு எந்த ஊருக்குப் போகப் புடிக்கும்னு. எனக்குத் தெரியல. அவருக்கும் தெரியல. ரெண்டு பேரும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தோம்.”

“எனக்கே தெரியாதே.”

“இப்ப யோசிச்சுச் சொல்லும்மா.”

நான் ஒரு சட்டையை மடித்து முடிக்கிறவரை யோசித்தேன். “மலை வேணாம். கடலும் வேணாம். மேடு பள்ளமில்லாம சமமா ஒரு ஊரு இருந்தாச் சொல்லு. படி ஏறாத ஊரு.”

அவள் சிரித்தாள். எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

அரையாண்டு விடுமுறையில் நானும் அவரும் தஞ்சாவூர் போனோம். இரண்டு நாளும் மழை. கோயிலை மட்டும் குடை பிடித்துப் பார்த்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் அறையிலேயே இருந்தோம். ஜன்னலுக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பு, அதற்கப்பால் வயல், கண்ணுக்கு எட்டியவரை தட்டையாக. அவர் அதிகம் பேசவில்லை. டிப்போவில் அலுவலக வேலைக்கு மாற்றிக் கொடுத்த பிறகு அவருடைய பேச்சு மெல்லக் குறைந்துகொண்டு வந்திருந்தது. எனக்கும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல முடியாது. சில நாள் காலையில் எழுந்தால் கையும் காலும் என்னுடையவை இல்லாததுபோல இருக்கும். பள்ளிக்குக் கிளம்பி, முதல் பாடவேளை முடிவதற்குள் சரியாகிவிடும். சில நாள் ஆவதில்லை.

தஞ்சாவூர் அறையில் இரண்டாம் நாள் மதியம், அவர் தூங்கிக்கொண்டிருந்தார், மழைச் சத்தத்தில் அவருடைய மூச்சு எனக்குக் கேட்கவில்லை. நான் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தோப்புக்காரர் ஒருவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, நனைந்துபோன மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். மாடு நடுவழியில் நின்று புல்லைக் கடித்தது. அவர் திட்டினார். அது நகரவில்லை. கடைசியில் அவரும் நின்றுவிட்டார். அது தின்று முடிக்கிறவரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.